பாயின்ட் ஷூ குடுக்க அவசரப்படாத ஒரு பாலே ஸ்கூல்: ஒரு பேரன்ட்டோட ரிவ்யூ

பொண்ணு சில வருஷமா போயிட்டிருக்கற கிளாசிக்கல் பாலே ஸ்கூல் பத்தின ரிவ்யூ இது. ஸ்கூல் பேரு போடல, பாராட்டறதோட சேத்து நல்லா திட்டவும் போறேன், அதனால பேரு வேணாம். ரேட்டிங் முதல்லயே சொல்லிடறேன், அஞ்சுக்கு நாலு. அந்த நாலும் பெரும்பாலும் ஒரே காரணத்துக்குத்தான், இவங்க புள்ளைங்கள எதுக்கும் அவசரப்படுத்த மாட்டாங்க. கேக்கறதுக்கு சாதாரணமா இருக்கும், ஆனா பாலே ஸ்கூல் தேடி அலைஞ்சவங்களுக்குத் தெரியும் இது எவ்ளோ அபூர்வம்னு. எங்க போனாலும் "உங்க பொண்ணுக்கு செம டேலன்ட், ஒரே வருஷத்துல பாயின்ட் ஷூ போட வெச்சிடறோம்"னு சொல்லித்தான் அட்மிஷன் பிடிக்கறாங்க. பாயின்ட் ஷூன்னா கால்விரல் நுனில நின்னு ஆடறதுக்கான கெட்டி முனை ஷூ.

மொதல்ல சின்னப் பசங்க கிளாஸ். மூணுலேர்ந்து அஞ்சு வயசு வரைக்கும் இவங்க "பாலே"ன்னே சொல்லிக்க மாட்டாங்க. ஓடறது, ஒத்தக்கால்ல தாவறது, குதிரை மாதிரி கேலப் பண்றது, மியூசிக் நின்னா நிக்கறது, வரிசைல தன் டர்னுக்காக காத்திருக்கறது, அவ்ளோதான். டூட்டூ, அதாவது அந்த விரிஞ்ச பாலே பாவாடை, போட்டு ஃபோட்டோ எடுக்கலாம்னு வர்ற பேரன்ட்ஸுக்கு இது பயங்கர ஏமாத்தமா இருக்கும், சிலர் ஒரே டெர்ம்ல கெளம்பிடறாங்க. எனக்கென்னமோ இது சரின்னுதான் படுது. அந்த வயசு கொழந்தைய கம்பியப் பிடிச்சு அரை மணி நேரம் ஒரே எடத்துல நிக்க வெச்சா அது கத்துக்கப்போறது பாலே இல்ல, பாலே மேல வெறுப்பு. நெஜ டெக்னிக்னு இவங்க ஆரம்பிக்கறதே எட்டு வயசு சுமாருக்குத்தான், அதுலயும் முதல் வருஷம் ரெண்டு கையாலயும் பார், அதாவது அந்தக் கம்பியப் பிடிச்சு, அதப் பாத்து நின்னுகிட்டுதான் எல்லா பயிற்சியும்.

அடுத்து மெத்தட். போர்டுல "வகனோவா முறை"ன்னு எழுதியிருக்கும், ஆனா எக்ஸாம் மட்டும் ராயல் அகாடமி ஆஃப் டான்ஸோடது. ஆரம்பத்துல இது என்ன கலவைன்னு எனக்கும் டவுட் வந்துச்சு, ஹெட் டீச்சர்கிட்ட நேராவே கேட்டேன், மழுப்பாம பதில் சொன்னாங்க, அதுலயே பாதி நம்பிக்கை வந்துடுச்சு. விஷயம் என்னன்னா பாலே ஒண்ணுதான், சொல்லிக்குடுக்கற வழி பல. அக்ரிப்பினா வகனோவா ரஷ்யாவுல இருந்தவங்க, தன்னோட பாடமுறைய 1934ல புத்தகமாவே போட்டாங்க, முதுகும் கையும் தலையும் எல்லாம் சேந்து ஒரே உடம்பா அசையணுங்கறது அவங்க முறையோட உயிர். இப்ப அவங்க பேர்ல இருக்கற செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஸ்கூல் 1738லயே தொடங்கினது, அங்க பத்து வயசு வாக்குல எடுத்து எட்டு வருஷம் முழுநேரமா தயார் பண்றாங்க. இத்தாலிக்காரர் என்ரிக்கோ செக்கெட்டி முறைல வாரத்துல ஒவ்வொரு நாளுக்கும் இன்ன இன்ன பயிற்சின்னு டைம்டேபிளே இருக்கும். டென்மார்க்கோட பூர்னோன்வில் ஸ்டைல்ல கால் தரைல பட்டதே தெரியாத மாதிரி சின்னச் சின்னத் தாவல் நெறைய. ராயல் அகாடமி 1920ல லண்டன்ல ஆரம்பிச்சது, அதோட கிரேடு எக்ஸாம்தான் உலகம் முழுக்க வாரம் ஒண்ணு ரெண்டு கிளாஸ் வர்ற சாதாரணப் பசங்களுக்கு ரொம்ப தோதா இருக்கு.

டீச்சர் சொன்னது இதுதான், "முழு வகனோவா கோர்ஸ் தெனமும் பல மணி நேரம் பண்ற பசங்களுக்கானது, வாரம் ரெண்டு நாள் வர்ற பசங்களுக்கு அத அப்படியே நடத்தறேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, நாங்க கை, தலை, முதுகு சொல்லிக்குடுக்கற விதத்த அங்கேர்ந்து எடுத்துக்கறோம், படிப்படியா ஏத்தறத ராயல் அகாடமி சிலபஸ்லேர்ந்து எடுத்துக்கறோம்." எனக்கு இந்த நேர்மை புடிச்சிருந்தது. ஆனா அப்போ போர்டுல ஏன் அப்படி எழுதி வெச்சிருக்கீங்கன்னு கேட்டதுக்கு சிரிச்சுட்டுப் போயிட்டாங்க, போர்டு இன்னும் அப்படியேதான் இருக்கு.

ஃப்ளோர் பத்தி யாரும் ரிவ்யூல எழுத மாட்டேங்கறாங்க, நான் எழுதறேன். கண்ணாடி, சாண்ட்லியர், சுவத்துல பெரிய பெரிய ஃபோட்டோ எல்லாம் வெச்சிருக்கற ஸ்டூடியோவுல கீழ பாத்தா சிமெண்ட் தரை மேல ஒரு வினைல் ஷீட் ஒட்டியிருப்பாங்க. குதிச்சு எறங்கறப்ப உடம்பு எடைய விட பல மடங்கு விசை கால்ல எறங்குது, ஒரு கிளாஸ்ல பசங்க நூத்துக்கணக்குல குதிக்கறாங்க, அத்தனையும் கெட்டித் தரைல எறங்கினா முழங்காலுக்குக் கீழ முன்னெலும்பு வலி, கணுக்கால் வலின்னு வரிசையா வரும். இங்க ஸ்பிரங் ஃப்ளோர், அதாவது அடியில கொஞ்சம் அமுங்கிக் குடுக்கற மரத்தள அமைப்பு, அதுக்கு மேல வழுக்காத வினைல். டிரையல் கிளாஸுக்குப் போறப்ப நீங்களே ஷூவக் கழட்டிட்டு ரெண்டு குதி குதிச்சுப் பாருங்க, தரை உங்களத் தாங்கி வாங்குதா இல்ல திருப்பி அடிக்குதான்னு அங்கேயே தெரிஞ்சிடும். வெக்கப்படாதீங்க, உங்க கொழந்தையோட எலும்பு.

குறைன்னு பாத்தா பெரிய ஸ்டூடியோ ஒண்ணுதான் இப்படி, ரெண்டாவது சின்ன ரூம்ல தரை சுமார்தான், அதனால அங்க குதிக்கற பயிற்சி வைக்கறதில்லன்னு சொன்னாங்க, பெரும்பாலும் வைக்கறதும் இல்ல.

இப்ப கிளாஸ் உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன். டெர்ம்ல ஒரு வாரம் பேரன்ட்ஸ உள்ள உக்காந்து பாக்க விடுவாங்க, அப்ப பாத்தது. பார்ல டான்டூ, அதாவது ஒரு கால்ல நின்னுகிட்டு இன்னொரு பாதத்தத் தரையோட தேச்சு நீட்டறது. பாக்க ஒண்ணுமேயில்ல, காலத் தள்ளி இழுக்கறாங்க அவ்ளோதான்னு தோணும். டீச்சர் ஒரு பொண்ணு பக்கத்துல தரைல உக்காந்து, "தொடவா?"ன்னு கேட்டு, அவ சரின்னதும் ஒரு மெல்லிசுத் துணிய பாதத்துக்கு அடில வெச்சாங்க. "துணி உன்கூடவே வரணும், தரைய அழுத்து." பொண்ணு நீட்டினா, துணி பாதி வழிலயே நின்னு போச்சு, ஏன்னா கால் தரைய விட்டு எழும்பிடுச்சு. மறுபடி. முதல்ல குதிகால் எழும்பணும், அப்புறம் உள்ளங்காலோட முன்பக்கம், கடைசில விரல் நுனி மட்டும் தரைல நிக்கணும், திரும்பி வர்றப்ப அதே வரிசை தலைகீழா. நாலாவது தடவையோ என்னமோ துணி முழுசா போய் முழுசா திரும்பி வந்துச்சு. டீச்சர் சூப்பர், சபாஷ்லாம் சொல்லல, "இப்ப நிக்கற காலப் பாரு, அது தூங்கிடுச்சு"ன்னாங்க. பாத்தா நெஜமாவே அந்த நிக்கற கால் இடுப்புல எடை பூரா சரிஞ்சு ஒக்காந்திருந்துச்சு. நீட்டற கால மட்டுமே பாத்துக்கிட்டிருந்த எனக்கு அது கண்ணுலயே படல.

இந்த ஒரே அசைவுதான் பின்னாடி தாவறதுக்கும் பாயின்ட்ல ஏறதுக்கும் அடிப்படை, பாதம் தரைய விட்டுக் கெளம்பற அந்த வரிசை சரியா இல்லன்னா மேல கட்டற எதுவும் நிக்காது. அதனாலதான் இத வருஷக்கணக்கா செய்ய வைக்கறாங்க, பெரிய பெரிய கம்பெனில ஆடற டான்சர்ஸும் தெனமும் காலைல இதையேதான் செய்யறாங்க.

டர்ன்அவுட் விஷயத்துல இவங்களுக்கு நான் ஃபுல் மார்க். பாதம் ரெண்டும் வெளிப்பக்கம் பாத்து நேர்கோடு மாதிரி நிக்கறதுதான் பாலேன்னு நெனச்சுகிட்டு நெறைய எடத்துல பசங்க பாதத்த வலுக்கட்டாயமா திருப்பி நிக்க வைக்கறாங்க. அந்தத் திருப்பல் வரவேண்டியது இடுப்பு மூட்டுலேர்ந்து, அங்க எவ்ளோ திரும்பும்கறது பெரும்பாலும் பொறந்த எலும்பு அமைப்பு, முழு 180 டிகிரி இடுப்புலேர்ந்தே வர்றவங்க ரொம்பக் கொஞ்சம். மிச்சத்த பாதத்த முறுக்கி ஈடு கட்டினா பாத வளைவு உள்ளப்பக்கம் சாஞ்சு முழங்கால் திருகிக்கும், அங்கதான் பிரச்சனையே ஆரம்பம். இவங்ககிட்ட சுழலுற சின்னத் தட்டு ரெண்டு இருக்கு, அதுமேல நின்னு திரும்பினா தரையோட உராய்வு உதவாது, இடுப்பு எவ்ளோ தருதோ அவ்ளோதான் திரும்பும். என் பொண்ணு அதுல நின்னப்ப அவ கிளாஸ்ல நிக்கற கோணத்த விட நல்லாவே கம்மியா வந்துச்சு, மூஞ்சி தொங்கிப் போச்சு. "இதுதான் உன்னோடது, இதுல பலம் ஏத்து, நாளைக்குக் கொஞ்சம் கூடலாம்"னு சொல்லி அன்னிலேர்ந்து கம்மியான கோணத்துலயே நிக்க வெச்சாங்க. ஃபோட்டோவுக்கு அழகா இருக்காது, ஆனா முழங்கால் இருக்கும். இதே மாதிரி ஸ்பிளிட்ஸ் வரலன்னு புள்ளைங்க மேல ஏறி அமுக்கறது, தவளை மாதிரி படுக்க வெச்சு இடுப்பை மிதிக்கறது இதெல்லாம் இங்க கெடையவே கெடையாது.

பியானோ வாசிக்க நேர்ல ஒருத்தர் வர்றார், எல்லா கிளாஸுக்கும் இல்ல, கிரேடு மூணுக்கு மேலதான். அதுக்குக் கீழ ஸ்பீக்கர். இந்த வித்தியாசம் இவ்ளோ இருக்கும்னு நான் எதிர்பாக்கல. ஸ்பீக்கர்னா டீச்சர் ஒவ்வொரு பயிற்சிக்கும் ஃபோன்கிட்ட ஓடிப்போய் பாட்ட மாத்தணும், பசங்க அதுக்குள்ள கதை பேச ஆரம்பிச்சிடுவாங்க. பியானோக்காரர் பசங்களப் பாத்துகிட்டே வாசிக்கறார், பிளியேல, அதாவது முழங்கால மடக்கி எறங்கறதுல, சீக்கிரம் சீக்கிரமா எறங்கினா அவர் கொஞ்சம் இழுத்து வாசிப்பார், எறங்கறவங்க தானா மெதுவாயிடுவாங்க. டீச்சர் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாங்க. குதிக்கறப்ப மேல போற எடத்துக்கு அழுத்தம் குடுத்து வாசிச்சா அதே பசங்க இன்னும் ஒயரமா போறாங்க. கீழ் கிளாஸுக்கும் இவர வரவைங்கன்னு பல தடவ கேட்டாச்சு, செலவு கட்டுப்படியாகாதாம். போகட்டும்.

இப்ப பாயின்ட் ஷூ. எல்லாரும் இதுக்காகத்தான் இவ்ளோ தூரம் படிச்சிருப்பீங்க.

பாதத்து எலும்புகள்ல வளர்ற பகுதி முழுசா இறுகறதுக்கு டீன்ஏஜ் நடு, கடைசி வரைக்கும்கூட ஆகும். அதுக்காக அதுவரைக்கும் பாயின்ட் கூடாதுன்னு யாரும் சொல்லல, பலமும் கன்ட்ரோலும் வந்தாச்சான்னு பாக்கணுங்கறதுதான் விஷயம். டான்ஸ் மெடிசினுக்குன்னே ஒரு சர்வதேச அமைப்பு இருக்கு, 1990ல தொடங்கினது, அவங்க வழிகாட்டுதல்ல 12 வயசுக்கு முன்னாடி வேணாம்னு தெளிவா இருக்கு. அதோட, வாரம் ஒரே ஒரு கிளாஸ் வர்ற பசங்கள பாயின்ட்டுக்கு ஊக்கப்படுத்தாதீங்க, வயித்துத் தசை, இடுப்புத் தசை, காலு வீக்கா இருந்தா தள்ளிப்போடுங்க, பாதமும் கணுக்காலும் ரொம்ப வளையற பசங்களுக்கு முதல்ல பலம் ஏத்த டைம் குடுங்கன்னும் சொல்றாங்க. கடைசியா சொன்னதுதான் முக்கியம், ஏன்னா நல்லா வளையற பாதத்தப் பாத்ததும் "ஆஹா என்ன அழகான பாதம்"னு சீக்கிரமே ஏத்திவிடற டீச்சர்ஸ் இருக்காங்க, அந்தப் பாதம்தான் சீக்கிரம் அடிபடும்.

இங்க பிறந்தநாள் வந்துடுச்சு குடுங்கன்னா குடுக்க மாட்டாங்க. ஒரு டெஸ்ட் இருக்கு, வெளியிலேர்ந்து ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்து பண்றாங்க. கால நீட்டி, பாதத்த முழுசா கூராக்கச் சொல்லி கணுக்கால் மேல ஒரு பென்சில வெச்சுப் பாக்கறாங்க, முன்னெலும்பு நுனிய தாண்டிப் பென்சில் தட்டையா கெடக்கணும், அப்பதான் ஷூ நுனில நேரா நிக்கற அளவுக்குக் கணுக்கால் வளையுதுன்னு அர்த்தம். அப்புறம் ஏரோப்ளேன் டெஸ்ட், ஒத்தக்கால்ல நின்னு உடம்ப முன்னாடி சாச்சு இன்னொரு கால பின்னாடி நீட்டி, அப்படியே முழங்கால மடக்கி கை தரையத் தொடணும், அஞ்சு தடவைல நாலு தடவையாவது முழங்காலும் இடுப்பும் ஆடாம வரணும். அதுக்கப்புறம் ஒத்தக்கால்ல தொடர்ந்து 16 குதி, அதுல குறைஞ்சது எட்டாவது சுத்தமா இருக்கணும், குதிகால் எறங்கணும், உடம்பு சாயக்கூடாது. ஒரு பிருவெட், அதாவது ஒத்தக்கால்ல ஒரு சுத்து வேற, எறங்கறப்ப தடுமாறாம.

என் பொண்ணு பென்சில்ல பாஸ், ஏரோப்ளேன்ல ஃபெயில். மூணாவது தடவைலயே முழங்கால் உள்ளப்பக்கம் மடிஞ்சிடுச்சு. இன்னும் ஒரு டெர்ம் கழிச்சுப் பாக்கலாம்னு சொல்லி, ஒரு தாள்ல வீட்டுல செய்யறதுக்கு நாலு பயிற்சி எழுதிக் குடுத்தாங்க, ஒத்தக்கால் ரெலவே (குதிகாலத் தூக்கி ஏறறது), இடுப்புப் பக்கத் தசைக்கு ஒண்ணு, அப்படி. அவ கூட ஆரம்பிச்ச ரெண்டு பேரு பாஸ் ஆயிட்டாங்க, இவ ஆகல, அன்னிக்கு வீட்டுல ஒரே அழுகை. "வேற ஸ்கூல்ல என் ஃப்ரெண்டு பத்து வயசுலயே போட்டிருக்காம்மா"ன்னு ஒரு டயலாக் வேற. இருக்கட்டும்னேன். அடுத்த டெர்ம்ல பாஸ் ஆயிட்டா.

ஷூ வாங்கறப்ப ஃபிட்டிங்குக்கு டீச்சரே கூட வந்தாங்க, இத நான் எங்கயும் கேள்விப்பட்டதில்ல. அந்த ஷூவோட முனைல இருக்கற கெட்டிப் பெட்டி இரும்போ மரமோ ஒண்ணுமில்ல, துணியும் பேப்பரும் பசையும் அடுக்கடுக்கா வெச்சுக் காய வெச்சது, அடியில ஒரு விறைப்பான பட்டை. வளர்ற காலுக்கு ஒரு சைஸ் பெருசா வாங்கலாம்னு ஐடியா பண்ணாதீங்க, தொளதொளன்னு இருந்தா பாதம் உள்ள சறுக்கி எடை பூரா கட்டை விரல் மேல எறங்கிடும். பசையும் பேப்பரும்கறதால வேர்வைல சீக்கிரமே தொளதொளத்துப் போகும், பெரிய டான்சர்ஸ் ஒரே ஷோல ஒரு ஜோடியத் தீத்துடுவாங்க. பசங்களுக்கு அவ்ளோ வேகமா போகாது, ஆனாலும் பட்ஜெட்ல இத மறக்காம வெச்சுக்கோங்க. முதல் சில மாசம் பார் பிடிச்சு பத்துப் பதினஞ்சு நிமிஷம் மட்டும்தான் பாயின்ட், ஏறி எறங்கறது, அவ்ளோதான். நடுவுல வந்து சுத்தறதெல்லாம் ரொம்ப நாள் கழிச்சு.

ஒயரம் திடீர்னு ஏறற வயசப் பத்தி ஒரு வார்த்தை. பசங்க சடசடன்னு வளர்றப்ப எலும்பு முந்திக்கும், தசை பிந்திக்கும், நேத்து வரைக்கும் காது வரை போன கால் இன்னிக்கு இடுப்புக்கே வராது, சுத்தினா பேலன்ஸ் போயிடும், குதிகால் வலிக்குதுன்னு வருவாங்க. இங்க அந்த சமயத்துல குதிக்கறதக் கொறைச்சு, கையி, தலை, மியூசிக்னு வேற பக்கம் வேலை குடுப்பாங்க. "சோம்பேறி ஆயிட்டா"ன்னு யாரும் சொல்றதில்ல. ஒரு டீச்சர் எல்லாப் பசங்க ஒயரத்தையும் டெர்முக்கு ஒருக்கா குறிச்சு வைக்கறாங்க, ஒயரம் மட்டும்தான், வெயிட் பாக்கறதில்ல.

வெயிட்னதும் சொல்லணும். பாலேயோட பெரிய கருப்புப் பக்கம் இதுதான். 2019ல வியன்னா ஸ்டேட் ஓப்பராவோட பாலே அகாடமி மேலயே பெரிய விசாரணை நடந்துச்சு, பசங்களோட உடல்நலத்த அகாடமி சரியாப் பாதுகாக்கலன்னு விசாரணைக் குழு அறிக்கை குடுத்துச்சு. அவ்ளோ பேர் போன எடத்துலயே அப்படின்னா நம்ம பக்கத்துத் தெரு ஸ்கூல்ல நாமதான் கண்ண தொறந்து வெச்சுக்கணும். சாப்பிடறதக் கொறைச்சுகிட்டு இவ்ளோ பயிற்சி பண்ணினா உடம்பு எனர்ஜி இல்லாம பீரியட்ஸ் தள்ளிப்போகும், எலும்பு பலவீனமாகும், ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் வரும், ஒலிம்பிக் கமிட்டி 2014லயே இதுக்குன்னு தனி அறிக்கை போட்டிருக்கு. இங்க ரெகுலர் டீச்சர்ஸ் வாய்லேர்ந்து உடம்பு சைஸ் பத்தி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்ல. ஆனா ஒரு தடவ சப்ஸ்டிட்யூட்டா வந்தவங்க ஒரு பொண்ணுகிட்ட "மதியம் நல்லா வெட்டிட்டு வந்தியா, வயிறு முன்னாடி போகுது"ன்னு சொல்லியிருக்காங்க. அவளுக்கு பதினோரு வயசு. பேரன்ட்ஸ் சேந்து போய்க் கேட்டதும் ஹெட் டீச்சர் மன்னிப்புக் கேட்டாங்க, அந்த சப்ஸ்டிட்யூட் மறுபடி வரல. கேட்டதுக்கப்புறம் நல்லாத்தான் நடந்துகிட்டாங்க, ஆனா நாங்க கேக்கலன்னா அது அப்படியே போயிருக்கும்ல? கிளாஸுக்கு வர்ற யாரா இருந்தாலும் இந்த ரூல்ஸ முன்னாடியே சொல்லி அனுப்பணும், அதுல கோட்டை விட்டாங்க.

இப்ப முழு திட்டு. ஆண்டு விழா. வருஷம் பூரா எதுக்கும் அவசரப்படாத இதே ஸ்கூல் ஷோ சீசன் வந்ததும் வேற ஸ்கூலா மாறிடுது. கிட்டத்தட்ட ஒரு டெர்ம்ல பாதி அதுக்கே போயிடுது, பார் பயிற்சிய பத்து நிமிஷமா சுருக்கிட்டு மீதி நேரம் பூரா "நீ இங்க நில்லு, நீ அங்க ஓடு". நட்கிராக்கர் பாலே நாடகம் போட்டா எலி வேஷத்துல இருபது சின்னப் பசங்க, அதுல என் பொண்ணு ஒரு வருஷம் முக்கால்வாசி ரிகர்சல் ஓரமா உக்காந்துகிட்டுதான் இருந்தா, மேடைல இருந்தது ரெண்டே நிமிஷம். மேடை அனுபவம் தேவை, நான் இல்லன்னு சொல்லல, 1892 டிசம்பர்ல செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல நட்கிராக்கர் முதல் தடவ மேடை ஏறினப்பவே குழந்தை வேஷத்துல நடிச்சது அங்க இருந்த ஸ்கூல் பசங்கதான், பாலே பசங்க மேடைலதான் வளர்றாங்க. ஆனா வார்ம்அப் இல்லாம லேட் நைட் டிரெஸ் ரிகர்சல்ல பெரிய பசங்கள பாயின்ட்ல திரும்பத் திரும்ப ஆட விடறது எந்த வகைல சேத்தி? டெஸ்ட் வெச்சு மாசக்கணக்கா காக்க வெச்ச அதே கால்தானே இது? இத எழுதிக் குடுத்தேன், "அடுத்த வருஷம் பிளான் பண்றோம்"னாங்க. காஸ்ட்யூமுக்குத் தனி ஃபீஸ், அத கடைசி வாரத்துல சொல்றாங்க, அதுவும் ஒரு கடுப்பு.

பையன் வெச்சிருக்கறவங்க ரெண்டு தடவ யோசிங்க. பையங்க நாலஞ்சு பேர் இருக்காங்க, தனி கிளாஸ் கெடையாது, பொண்ணுங்க கூடவே. சின்ன வயசுல அது பரவால்ல, ஆனா பன்னெண்டு பதிமூணுக்கு மேல அவங்களுக்கு வேண்டிய பெரிய தாவல், காத்துல சுத்தி எறங்கறது, பின்னாடி பார்ட்னர தூக்கறதுக்கான மேலுடம்பு பலம் எல்லாத்துக்கும் தனி பயிற்சி வேணும். பொண்ணுங்க பாயின்ட் பண்ற நேரத்துல பசங்கள ஓரமா புஷ்அப் போடச் சொல்றாங்க, அதப் பயிற்சின்னு சொல்ல முடியாது.

எக்ஸாம் விஷயம் ஓரளவு பேலன்ஸ்டா இருக்கு. சில எடத்துல வருஷம் பூரா அதே எக்ஸாம் அசைவுகளையே ரிப்பீட் பண்ணி மெரிட் வாங்கி சர்ட்டிஃபிகேட்ட மாட்டிடுவாங்க, அந்தப் பசங்கள புதுசா ஒரு வரிசை சொல்லி ஆடச் சொன்னா முழிப்பாங்க. இவங்க ரெடியானாதான் எக்ஸாம் அனுப்பறாங்க, வாரத்துல ஒரு கிளாஸாவது சிலபஸ் இல்லாத ஃப்ரீ கிளாஸ், அன்னன்னிக்குப் புது காம்பினேஷன். அதுலதான் மூளை வேலை செய்யுது.

தொழிலா எடுக்கறதப் பத்தி ஹெட் டீச்சர் பேசறது கொஞ்சம் கசப்பா இருக்கும். பெரிய முழுநேர ஸ்கூல்கள்ல பத்து பதினோரு வயசுலயே ஆடிஷன் ஆரம்பிச்சிடும், சுவிட்சர்லாந்துல நடக்கற லோசான் பாலே போட்டி மாதிரி எடத்துல 15லேர்ந்து 18 வயசுக்குள்ள உலகத்துலேர்ந்து பொறுக்கி எடுத்த பசங்க வர்றாங்க, வாரம் மூணு கிளாஸ்ல அங்க போக முடியாது, போகணும்னா இந்த ஸ்கூல் பத்தாது, நானே வேற எடம் சொல்றேன்னு முகத்துக்கு நேராவே சொல்லிடுவாங்க. ரெண்டு பசங்கள அப்படி அனுப்பியும் வெச்சிருக்காங்க. தன் ஸ்டூடன்ட்ட தானே வேற ஸ்கூலுக்கு அனுப்பற டீச்சர நீங்க எங்க பாத்திருக்கீங்க?

கம்யூனிகேஷன் படு மோசம், அத தனியா சொல்லியே ஆகணும். கிளாஸ் கேன்சல்னா மெசேஜ் அரை மணி முன்னாடி வரும், புள்ள எங்க முன்னேறியிருக்கு எங்க நிக்குதுன்னு நாமளா கேட்டாதான் சொல்வாங்க, கேட்டா மட்டும் கால் மணி நேரம் ஒக்காந்து அக்குவேறா ஆணிவேறா சொல்றாங்க. வெயிட்டிங் ஏரியாவுல பத்து நாற்காலி, அம்பது பேரன்ட்ஸ். கொண்டைல ஒரு முடி வெளிய வந்தாலும் திருப்பி அனுப்பற அளவுக்கு கறார் இருக்கே, அதுல பாதிய டைம்டேபிள்ல காட்டலாம்.

சேக்கலாமான்னு கேட்டா, எட்டு ஒம்பது வயசுப் பொண்ணு, வாரம் ரெண்டு நாள் வர முடியும், வீட்டுல பொறுமை இருக்குன்னா கண்ண மூடிகிட்டு சேருங்க. மூணு வயசுக் கொழந்தைக்கு ஃபோட்டோ வேணும்னா வேற எடம் பாருங்க. பதிமூணு வயசுல புதுசா ஆரம்பிக்கறவங்களுக்குத் தனி பேட்ச் இல்ல, எட்டு வயசுப் பசங்க கூட நிக்க வைப்பாங்க, அது அந்த வயசுக்கு செட் ஆகாது. எங்களப் பொறுத்தவரைக்கும் அடுத்த டெர்ம் ஃபீஸ் கட்டியாச்சு. இந்த வருஷ ஷோவுக்கு ரிகர்சல் டைம்டேபிள முன்கூட்டியே தர்றேன்னு வாக்கு குடுத்திருக்காங்க, தரலன்னா வந்து ஒரு ஸ்டார் கொறைச்சு அப்டேட் போடறேன்.